நாற்பத்தொரு புளியங்கொட்டை

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள் அம்மா. எனக்கு இந்த ஓரம் போதும். மடியில் இருப்பது கனமான சாமான் ஒன்றும் இல்லை, ஒரு டப்பா. பஸ் குலுங்கினால் சத்தம் வரும், அவ்வளவுதான். முன்னால் மூன்றாவது சீட்டில் ஒருவர் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறாரே, அவரை நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர்தான். ஞானதிரவியம் என்று பெயர். நான் இருக்கிறேனா என்று பார்க்கிறார். போன மாசியிலிருந்து இந்தப் பழக்கம். கடைக்குப் போனாலும் திரும்பிப் பார்ப்பார், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திரும்பிப் பார்ப்பார். மனுஷனுக்கு வயதாகிவிட்டது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. சபையில் சாட்சி சொல்ல எழுந்திரு என்றால் முன்னால் இருப்பவள் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். ஆனால் இன்றைக்கு ஒருத்தியிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அதற்கு முன்னால் வாய் கொஞ்சம் பழகட்டும் என்று உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால் எனக்குக் கூச்சமில்லை. சலிப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

அசனம் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா, சரி. சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து, ஏழை பணக்காரர் பார்க்காமல், ஒரே அண்டாச் சோறு சாப்பிடுவது. எங்கள் பக்கத்தில் அறுப்பின் பண்டிகை என்றால் அசனம் இல்லாமல் கிடையாது. எங்களுடையது சின்ன சபை. தகரக் கொட்டகை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு அங்கேயும் அசனம் உண்டு. அதற்கு அரிசி அளப்பது நான். ஒரு நாளும் குறைந்ததில்லை, ஒரு நாளும் மிஞ்சிக் கொட்டியதில்லை.

அது எப்படி என்றால், ஆளை விரல் நீட்டி எண்ணக் கூடாது அம்மா. தாவீது ராஜா ஜனங்களை எண்ணப் போய் என்ன வந்தது என்று வேதத்திலேயே இருக்கிறது. அதனால் நான் புளியங்கொட்டையால் எண்ணுவேன். வாசலில் நிற்பேன். ஒரு தலை உள்ளே போனால் மடியிலிருந்து ஒரு கொட்டை இந்த டப்பாவுக்குள் விழும். ஜெபம் முடிவதற்குள் கொட்டையைப் பார்த்து அரிசியைக் களைந்துவிடுவேன். எனக்கு என்று நான் கொட்டை போடுவதில்லை. சோறு விளம்புகிறவள் கடைசியில் அண்டாவில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சாப்பிட்டுக்கொள்வாள். அதற்கு எதற்குத் தனியாக அரிசி?

இவருக்கும் போடுவதில்லை. இவர் என்னைக் கொட்டகை வாசலில் விட்டுவிட்டு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார். பீடி குடிப்பார். பாஸ்டரைப் பற்றிக் கேலி பேசுவார். அப்படிப்பட்டவருக்கு எப்படிக் கொட்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

பாஸ்டர் ஜெயசிங் வயதில் சின்னவர். ஆனால் குரல் வந்தால் தகரம் அதிரும். போன மார்கழி முழுவதும் கடைசி நாளைப் பற்றித்தான் பிரசங்கம். சூரியன் கறுத்துப்போகுமாம். வானம் சுருளுமாம். ராஜாக்களும் சேனாதிபதிகளும் பணக்காரரும் அடிமைகளும் ஒன்றாக ஓடுவார்களாம். குகைக்குள் புகுந்துகொண்டு, மலையைப் பார்த்து, எங்கள்மேல் விழுந்து எங்களை மறைத்துக்கொள் என்று கெஞ்சுவார்களாம். வேதத்தில் இருப்பதுதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அவர் சொல்லிக் கேட்டால் ராத்திரி விளக்கை அணைக்க மனம் வராது. ஒரு ஞாயிறு கண்ணை மூடிக்கொண்டு நாளையும் சொல்லிவிட்டார். மாசி மாதம் கடைசி வெள்ளி, பகல் மூன்று மணி. பாவிகள் வந்து இடத்தை அடைப்பதற்கு முன்னால் நாம் போய் உள்ளே இருந்துகொள்ள வேண்டும், பிந்தி வருகிறவனுக்குப் பாறையில் இடம் கிடைக்காது என்றார். கழுகுப்பொத்தையில் ஒரு குடைவு பார்த்து வைத்திருந்தார். பொத்தை என்றால் மொட்டைப் பாறைக் குன்று. பாதி உயரத்தில் வீடு மாதிரி ஒரு குடைவு, உள்ளே போகப் போகக் குறுகும்.

வீட்டில் வந்து இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஏளா, அதுல குகைக்குள்ள போய் ஒளியிறவன் எல்லாம் யாரு? பயந்தவன். தப்புப் பண்ணினவன். நீ எதுக்கு அவன் வரிசையில போய் நிக்க?"

"கோபம் கடந்துபோகிற மட்டும் அறைக்குள்ள போய்க் கதவப் பூட்டிக்கோன்னு தம்முடைய ஜனத்துக்கும் சொல்லியிருக்காரு. பாஸ்டர் எடுத்துக் காட்டினாரு."

"அறைன்னுதான சொல்லியிருக்கு? நம்ம வீட்டுலயும் ஒரு அறை இருக்கு. தாப்பாதான் சரியில்ல. ஆசாரிய வரச் சொல்லுதேன்."

"நீரு சும்மா இரும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு பாஸ்டர் என்னிடம் கணக்குக் கேட்டார். நாற்பத்தொரு கொட்டை, நாற்பத்தொரு பேர் என்றேன்.

"ஐயா வாராங்களா சிஸ்டர்?"

"இல்ல பாஸ்டர்."

"மினிபஸ்ல இடம் இருக்கு. நெருக்கி உக்காந்துக்கலாம்."

"அவரு கணக்குல இல்ல பாஸ்டர்."

பாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் உறுதியைப் பார்த்து அசந்துபோனார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் வயலட் நின்றாள். இந்த வயலட் யார் என்றால், சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள். பதினோரு வருடமாக என் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவள். அவளுக்குக் குடல் ஆபரேஷன் ஆனபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான். அதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் புறப்படும்போது இவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"சாயங்காலம் வந்துருவேல்லா?"

"இனி எங்க வர? பானையில சோறு இருக்கு. மூணு மணியோட உலகம் முடியுது."

உள்ளே பானை இருந்த பக்கம் எட்டிப் பார்த்தார். "அப்ப ராத்திரிக்கு என்ன செய்ய?" என்றார்.

பாருங்கள். இவரோடுதான் நான் காலம் தள்ளியிருக்கிறேன்.

பாஸ்டர் உபவாசம் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது ஒத்துவரவில்லை. பெரியவர்கள் பசி தாங்குவார்கள், பிள்ளைகள் தாங்குமா? அதுவும் சபையாகச் சேர்ந்து போகிற கடைசி இடம். அசனம் இல்லாமல் எப்படி? அதனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு சாக்கில் அரிசியும் சிறுபயறும் அண்டாவும் கட்டி ஏற்றிவிட்டேன். கேட்டால் பாத்திரம் என்றேன். பொய் இல்லை.

பொத்தைக்குப் போனதும் இந்த டப்பாவை வயலட் கையில் கொடுத்தேன். "எனக்கு வேல கெடக்கு, நீ வாசல்ல நின்னு ஒவ்வொரு தலைக்கும் ஒண்ணு போட்டுக்கோ" என்றேன். போட்டாள். நாற்பத்தொன்று சரியாக உள்ளே போனது. எல்லாரும் செருப்பைக் குடைவுக்கு வெளியே கழற்றி வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை, கொட்டகைப் பழக்கம். பாஸ்டர் எல்லாரையும் முழங்காலில் நிறுத்தி, "என்ன சத்தம் கேட்டாலும் யாரும் வெளிய போகக் கூடாது. கடந்துபோகிற வரைக்கும் உள்ளேயே இருக்கணும்" என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. உள்ளேயே இருக்கணும் என்றார்.

நான் வாசல் ஓரத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தேன். பனையோலையும் தென்னமட்டையும் கொண்டுபோயிருந்தேன். கொஞ்சம் ஈரம். புகை வந்தது. ஆனால் புகை யாரையும் தொந்தரவு செய்யாதபடி நேராக மேலே போகிற மாதிரித்தான் அடுப்பை வைத்தேன். நான் அதிலெல்லாம் கவனம். மேலே பாறை விளிம்பில் கறுப்புக் கறுப்பாக, முறம் அளவுக்கு, என்னவோ தொங்கியது. பாசி என்று நினைத்தேன்.

கஞ்சி வெந்து இறக்கினேன். இரண்டரை மணி இருக்கும். தண்ணீர்க் குடங்களை வெயில் படாமல் உள்ளே குறுகலான மூலையில் வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தேன். தண்ணீர் எடுக்க அங்கே போய்க் குனிந்தேன். அப்போது வெளிப்பக்கத்தில் ஒரு சத்தம் அம்மா. மழை வருகிற மாதிரி, ஆனால் மழை இல்லை. பாறை முழுக்க இரைகிறது. வெளிச்சம் குறைந்துபோனது. யாரோ "ஆண்டவரே" என்றார்கள். அப்புறம் ஒரே கூச்சல்.

நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அரை மணி முந்தி வந்துவிட்டது. பாஸ்டர் சொன்னபடி செய்தேன். குடங்களுக்குப் பின்னால் ஒடுங்கி, ஈரச் சாக்கைத் தலைவரை இழுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். நாற்பத்தொரு பேரில், சரி, என்னையும் சேர்த்து நாற்பத்திரண்டு பேரில், சொன்ன சொல்படி ஒளிந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

மலைத்தேனீ அம்மா. அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. தேன்கூடு எதனால் கலைந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வயலட் அன்றைக்கு சென்ட் பூசிக்கொண்டு வந்திருந்தாள். அதுதான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. சத்தம் அடங்கியது. அடங்கியது என்றால், ஒரு மனுஷக் குரல் இல்லை. சாக்கை விலக்கி மெதுவாக நகர்ந்து வந்து பார்த்தேன்.

ஒருவரும் இல்லை.

செருப்பெல்லாம் வெளியே அப்படியே கிடந்தது. பாட்டுப் புத்தகங்கள் விரித்தபடி கிடந்தன. பெண்களுடைய முக்காட்டுத் துணி நாலைந்து, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில். எல்லாம் இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை. எங்கள் விசுவாசம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கர்த்தர் தம்முடையவர்களை ஒரு இமைப்பொழுதில் எடுத்துக்கொள்வார், உடுத்தியதும் போட்டதும் இங்கேயே கிடக்கும் என்று பாஸ்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன் அம்மா. எல்லாரையும் எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்.

அந்தச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை. ஏன் என்று யோசித்தேன். என்ன குறை வைத்தேன்? ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஒரு அசனத்துக்கு ஒரு பிடி குறைந்ததில்லை. கை சும்மா இருக்கவில்லை, செருப்பை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் என் ஜோடி ஒன்று தனியாக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல். "அன்னபாக்கியம்" என்று என் பெயர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பாறையில் மோதி, பெரிய குரலாக வருகிறது. மறக்கவில்லை, எனக்காகத் திரும்பி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்று கையைக் கூப்பி, "இதோ இருக்கிறேன் ஆண்டவரே" என்றேன்.

"ஆண்டவர் இல்ல, நாந்தாம்ளா. மேல வர முடியல, காலு வலிக்கி. கொஞ்சம் கைய நீட்டு."

இவர்.

கம்பை ஊன்றிக்கொண்டு, தலையில் கோணிச் சாக்கு, வழியில் கலைந்து திரிந்த தேனீ கொட்டி முகமெல்லாம் வீங்கி, ஒரு கண் மூடிக்கிடக்கிறது. அந்த நேரத்தில் இவர்தான் வர வேண்டுமா? நான் விசும்பி விசும்பி அழுதேன். இவர் தன்னைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, "சரி சரி, அதான் வந்துட்டம்லா" என்று முதுகைத் தட்டினார்.

"எல்லாரும் மேல போயாச்சு. நீரும் நானும்தான் மிச்சம்" என்றேன்.

"மேல எங்க போனா? வயலட்டு கொட்டகை வாசல்ல உக்காந்து மூஞ்சிக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருக்கா."

எனக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னார், மூன்றாம் தடவை சொன்னார். நடந்தது இதுதான் அம்மா. தேனீ கொட்டியதும் முதலில் எழுந்து ஓடியது பாஸ்டர். அவருக்குப் பின்னால் எல்லாரும். செருப்பில்லாமல் பொத்தையிலிருந்து உருண்டு இறங்கி மினிபஸ்ஸில் ஏறி, கண்ணாடியை மூடிக்கொண்டார்கள். அப்போது பாஸ்டர், "எல்லாரும் வந்தாச்சா, எண்ணிப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். வயலட் கையில் என் டப்பா இருந்தது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு கொட்டையாக எடுத்து மடியில் போட்டிருக்கிறாள். நாற்பத்தொரு தலை, நாற்பத்தொரு கொட்டை. டப்பா காலி. கணக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். வண்டி புறப்பட்டுவிட்டது.

இவர் கொட்டகைக்கு எதிர்த்த டீக்கடையில் காத்திருந்திருக்கிறார். உலகம் முடிகிற நாளிலும் அங்கேதான். மினிபஸ் வந்து எல்லாரும் இறங்கி, கடைசி ஆளும் இறங்கியபிறகு வயலட்டிடம் போய், "எங்க வீட்டுல எங்க?" என்று கேட்டிருக்கிறார். "வந்திருப்பாங்களே அண்ணாச்சி, கணக்கு சரியா இருந்துச்சே" என்றாளாம். இவர் அவள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கி, "டப்பா இங்க இருக்கு. ஆளு எங்க?" என்று கேட்டாராம். டீக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். அப்புறம் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். சரி, கேட்டார். இவர் கேட்டு என்ன ஆகப்போகிறது? சபையார் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கர்த்தர் விட்டுவிட்டுப் போயிருந்தால் அவருக்கு ஒரு காரணம் இருக்கும், நான் பணிந்துகொள்வேன். வயலட் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் கஞ்சி கொடுத்த வயலட்.

இவர் அந்த இடத்தில் என்ன செய்தார் தெரியுமா? "பசிக்கி. அண்டாவுல என்ன?" என்றார். நாற்பத்தொரு பேருக்கு வைத்த கஞ்சி அப்படியே இருந்தது. மேலே நாலைந்து தேனீ செத்து மிதந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, தேங்காய்ச் சிரட்டையால் மோந்து மோந்து குடித்தார். "நல்லா இருக்கு, நீயும் குடி" என்றார். குடித்தேன். அவர் குடித்த பிறகு அடியில் இருந்ததை எடுத்துக் குடித்தேன். இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். இறங்கும்போது, "எல்லாரும் ஆண்டவருக்குப் பயந்து பொத்தைக்குள்ள ஓடுவான். நீங்க தேனீக்குப் பயந்து பொத்தைய விட்டு ஓடியிருக்கிய" என்று சிரித்தார். வீங்கின முகத்தோடு சிரிப்பு வேறு. பத்து நாள் ஆனது அந்தக் கண் திறக்க. சுண்ணாம்பு தடவித் தடவி என் கைதான் வெந்தது.

சபையிலிருந்து யாராவது வருவார்கள் என்று பார்த்தேன். வரவில்லை. கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஒலிபெருக்கியில் பாஸ்டர் குரல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. கர்த்தர் நாளைத் தள்ளி வைத்தாராம். தேனீக்களை அனுப்பி விசுவாசத்தைச் சோதித்தாராம். "நாற்பத்தொரு பேர் போனோம், நாற்பத்தொரு பேர் வந்தோம். ஒருவரும் கெட்டுப்போகவில்லை" என்றார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். வயலட் குரல் எனக்குத் தனியாகத் தெரியும்.

ஒருவரும் கெட்டுப்போகவில்லையாம்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. இவர் ஒரு தடவை, "போகணும்னா போ, நான் டீக்கடையில இருக்கேன்" என்றார். நான் டப்பாவைப் பரணில் ஏற்றி வைத்தேன். பிறகு நாங்கள் என் தங்கச்சி ஊருக்கே குடிவந்துவிட்டோம்.

போன வாரம் பாஸ்டர் வீடு தேடி வந்தார். அறுப்பின் பண்டிகைக்கு அசனம், கொட்டகைக்குப் புதுக் கூரை போட்ட பிரதிஷ்டையும் சேர்ந்து வருகிறது. நான் இல்லாமல் ஒரு தடவை சோறு பாதியில் தீர்ந்துபோனதாம். அடுத்த தடவை அண்டாவோடு கொட்டினார்களாம். "நீங்க வந்து அளந்து குடுக்கணும் சிஸ்டர். கர்த்தர் உங்கள அந்தப் பொத்தையில விசேஷமா பாதுகாத்தாரு" என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டேன். இவர் மூலையில் இருந்து, "விசேஷமா பாதுகாத்தவனுக்கு இன்னும் மூட்டு வலிக்கி" என்றார். பாஸ்டர் கேட்காத மாதிரி காபியைக் குடித்தார்.

இன்றைக்கு வயலட்டைப் பார்ப்பேன். அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். கொட்டையெல்லாம் தீர்ந்தபிறகு, கையில் இருந்த காலி டப்பா யாருடையது என்று ஒரு தடவையாவது நினைத்தாயா? இவ்வளவுதான். சண்டை போட மாட்டேன். கத்த மாட்டேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரி, நிதானமாகச் சொல்வேன். சரியாகச் சொன்னேனா? நடுவில் குரல் தடுமாறியதோ? பரவாயில்லை, வயலட்டுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவள் பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, எட்டு மாதமாக நினைத்து நினைத்து நான் ஒன்று முடிவு செய்துவிட்டேன். டப்பாவைத் திறந்து காட்டுகிறேன், பாருங்கள். உள்ளே இப்போதே ஒன்று கிடக்கிறது, தெரிகிறதா? அது எனக்கு. ஒரு தலை உள்ளே போவதற்கு முன்னால் முதல் கொட்டை எனக்கு. இன்றைக்கு நான் பந்தியில் உட்காருவேன். இலை போட்டு, வயலட் விளம்ப வேண்டும். அண்டாவைச் சுரண்டுகிறது யாரோ செய்துகொள்ளட்டும். கூடவே இருந்தவளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

இதோ, நிறுத்தம் வந்துவிட்டது. அவர் எழுந்து நிற்கிறார் பாருங்கள். கம்பைப் பிடித்துக்கொண்டு, என் அகப்பை வைத்த பையையும் அவர்தான் தூக்கிக்கொள்கிறார். நான் எழுந்திருக்கும் வரைக்கும் இறங்க மாட்டார், கண்டக்டர் திட்டினாலும் அப்படியே நிற்பார்.

என்ன கேட்டீர்கள்? அவருக்கா?

இல்லை அம்மா, அவருக்கு எதற்குக் கொட்டை? அவர் சும்மா என்கூட வந்திருக்கிறார், அவ்வளவுதான்.